உப்புக்காற்றுக்குத் தாங்குற சக்கரம்: ரோடு பைக் பயிற்சிக்கு என்ன வாங்கலாம்?

"பயிற்சிக்குன்னு தனியா ஒரு ஜோடி சக்கரம் வாங்கணும்க்கா" என்று நான் சொன்னதும் அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "என்னடா தம்பி, இருபது வயசுப் பயலுக்கு எதுக்குடா ரெண்டு பக்கமும் குட்டிச் சக்கரம்?"

அவள் நினைத்தது சின்னப் பிள்ளைகள் சைக்கிள் பழகும்போது பின்னால் மாட்டுகிற சக்கரம். நான் சொன்னது வேறு. ரேஸ் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போட்டி நாளுக்கு ஒரு ஜோடி சக்கரமும், தினசரி ஓட்டத்துக்கு இன்னொரு ஜோடியும் வைத்திருப்பார்கள். முதலாவது லேசானது, விலை கூடினது. இரண்டாவது அடி வாங்குவதற்கென்றே இருப்பது. எங்களிடம் முதல் வகை மட்டும்தான் இருந்தது, அதையேதான் தினமும் ஓட்டிக்கொண்டிருந்தான் அக்கா மகன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. அந்தத் தப்பைச் செய்தவன் நான்.

போன ஆடி மாதம், விடிவதற்கு முன்னாலேயே திருப்புல்லாணியிலிருந்து கிளம்பி அரிச்சல்முனை வரை போயிருக்கிறான். போகவர ஏறத்தாழ 170 கிலோமீட்டர். திரும்பும்போது பாம்பன் பாலத்து இறக்கத்தில் பின்சக்கரத்தில் ஒரு கம்பி அறுந்துவிட்டது. அந்தச் சக்கரத்தில் மொத்தமே 20 கம்பி. ஒன்று போனதும் ரிம் ஒரு பக்கமாக இழுத்து ஃபிரேமில் உரசி நின்றுவிட்டது. பின்சக்கரம் சிக்கி வண்டி சறுக்கி, முழங்கை தேய்ந்து, பாலத்துக் கைப்பிடிச் சுவரோரமாக விழுந்திருக்கிறான். பின்னால் வந்த வேன் கொஞ்சம் தள்ளி வந்ததால் பிழைத்தான். மீன்பெட்டி ஏற்றிய ஒரு குட்டியானையில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"ஒண்ணுமில்ல மாமா, சின்ன சிராய்ப்புதான்" என்றான். ஆனால் அந்தக் கம்பி அந்தச் சக்கரத்துக்கென்றே செய்த தனிவகை. வந்து சேர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்துக்குள் அவன் காத்திருந்த அணித் தேர்வு முடிந்துபோனது. "எடை ரொம்பக் கம்மிடா மாப்ள" என்று பெருமையடித்து அந்தச் சக்கரத்தைப் பழையதாக வாங்கிக் கொடுத்தது நான்தான். அக்கா என்னைத் திட்டவில்லை. சீட்டு எடுத்த பணத்தைக் கையில் கொடுத்து, "இதுக்கு மேல என்கிட்ட இல்லடா. இந்தத் தடவ ஒடையாததா வாங்கிக் குடு" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் படித்ததும், பிரித்துப் பார்த்ததும், கடைகளில் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் குறிப்பு.

கம்பி ஏன் அறுகிறது?

பாரம் தாங்காமல் அறுகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஒரு எஃகுக் கம்பி ஒரே இழுப்பில் அறுவதற்கு வேண்டிய விசை, அது சாதாரணமாகச் சக்கரத்தில் தாங்குவதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அதைக் கொல்வது களைப்பு. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்து வளைத்து ஒடிப்போமே, அதே கதைதான். ரொம்பச் சின்ன அளவில், லட்சக்கணக்கான முறை நடக்கிறது.

ஜோப்ஸ்ட் பிராண்ட் என்ற பொறியாளர் 1981ல் மிதிவண்டிச் சக்கரத்தைப் பற்றி மட்டுமே ஒரு புத்தகம் எழுதினார். அதில் எனக்குப் பிடிபட்ட முக்கியமான விஷயம் இது. சக்கரம் மேல் கம்பிகளில் கிணற்றுவாளி மாதிரித் தொங்கவில்லை. தரையை நோக்கி இருக்கும் நாலைந்து கம்பிகளின் இழுவிசை குறைகிறது. மற்றவற்றில் பெரிய மாற்றமே இல்லை. அதாவது ஒவ்வொரு கம்பியும் ஒவ்வொரு சுற்றிலும் அடிப்பக்கம் வரும்போது ஒரு தடவை தளர்ந்து, மேலே போனதும் மறுபடி இறுகுகிறது.

இப்போது கணக்குப் போடுங்கள். ரோடு பைக் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.1 மீட்டர் போகும். ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 475 சுற்று. அரிச்சல்முனை போய்வந்தால் 80,000 சுற்று. வருடத்துக்கு 14,000 கிலோமீட்டர் ஓட்டுகிற பையனுக்கு 66 லட்சம் சுற்று. ஒவ்வொரு கம்பியும் அத்தனை முறை தளர்ந்து இறுகுகிறது.

இதிலிருந்து மூன்று விஷயம் தானாக வருகிறது.

ஒன்று, கம்பிகள் கூட இருந்தால் அடியில் வரும் பாரத்தைப் பங்கு போட ஆள் கூட. ஒவ்வொன்றுக்கும் ஏற்ற இறக்கம் குறையும்.

இரண்டு, கம்பி தளர்வாக இருந்தால்தான் ஆபத்து. தளர்ந்த கம்பி அடியில் வரும்போது முழுக்க லூசாகி, ஹப்பில் அது வளையும் இடத்தில் ஆடும். ஆடுகிற இடம்தான் ஒடியும். பின்சக்கரத்தில் பல்சக்கரம் இருக்கும் வலதுபக்கக் கம்பிகளுக்கு 100 முதல் 120 கிலோ வரை இழுவிசை தேவை. இடதுபக்கம் அதில் பாதி சொச்சம்தான் வரும். காரணம், பல்சக்கரத்துக்கு இடம் விட்டு ரிம்மை நடுவில் நிறுத்துவதால் இரண்டு பக்கமும் கோணம் ஒன்றாக இருக்காது.

மூன்று, நடுவில் மெலிந்த கம்பி (முனைகளில் 2 மில்லிமீட்டர், நடுவில் 1.8) முழுக்க ஒரே தடிமனான கம்பியைவிட நீடித்து உழைக்கும். கேட்க உல்டாவாக இருக்கும். மெலிந்த நடுப்பகுதி கொஞ்சம் நீண்டு கொடுப்பதால் வளைவிலும் மரையிலும் விழுகிற அடி குறைகிறது.

மீன்காரர் சைக்கிள்

இதையெல்லாம் படித்துவிட்டு ஒருநாள் ராமநாதபுரம் மீன் மார்க்கெட் வாசலில் நின்று சைக்கிள் சக்கரங்களை எண்ணினேன். பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ தெரியாது! இப்போது மீன் விற்பவர்களில் பெரும்பாலானோர் எக்ஸ்எல் வண்டிக்கு மாறிவிட்டார்கள். ஆனாலும் ஐஸ்பெட்டி கட்டிய பழைய சைக்கிள் ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்கிறது. முன்சக்கரத்தில் 32 கம்பி, பின்சக்கரத்தில் 40.

இது பிரிட்டிஷ்காரர்களின் ரோட்ஸ்டர் சைக்கிள் வழியாக வந்த கணக்கு. பாரம் பெரும்பகுதி பின்னால்தானே விழுகிறது, அங்கே கம்பி கூட இருக்கட்டும் என்கிற எளிய நியாயம். 1949ல் அம்பத்தூரில் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் உட்பட நம் நாட்டுக் கம்பெனிகள் பல பத்தாண்டுகளாக இந்த 28×1½ சக்கரத்தைத்தான் ஊர் ஊராக அனுப்பின. அரிசி மூட்டை, தண்ணீர்க் குடம், மனைவி, இரண்டு பிள்ளை எல்லாவற்றையும் அது சுமந்தது. நாங்களோ 74 கிலோ பையனை 20 கம்பியில் உட்கார வைத்து, உப்புக்காற்றில் 170 கிலோமீட்டர் அனுப்பியிருக்கிறோம்.

ரோடு பைக்குக்கு 40 தேவையில்லை. முன்னும் பின்னும் 32, ஒவ்வொரு கம்பியும் மூன்று கம்பிகளைக் குறுக்கே கடந்து போகிற பழைய பின்னல். இதுதான் உலகம் முழுக்கப் பயிற்சிச் சக்கரத்துக்குப் பல வருடங்களாக இருந்த வழக்கம். கல் பாவிய சாலைகளில் நடக்கும் பாரிஸ்–ரூபே போட்டியில்கூட, கார்பன் சக்கரம் வருவதற்கு முன் பெரிய வீரர்கள் தேடிப் போனது 32 கம்பி போட்ட அலுமினியச் சக்கரத்தைத்தான். இதில் இன்னொரு நன்மை உண்டு. ஒரு கம்பி போனாலும் ரிம் கொஞ்சம்தான் கோணும். பிரேக்கைத் தளர்த்திவிட்டு மெதுவாக வீடு வந்து சேர்ந்துவிடலாம்.

மண்டபமும் உப்பும்

உடைந்த சக்கரத்தைப் பிரித்தபோதுதான் அடுத்த அதிர்ச்சி. அறுந்த கம்பி போக, வேறு மூன்று நிப்பிள்கள் வெள்ளைப் பொடியாகப் பூத்து, சாவி வைத்ததும் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தன. எடை குறைப்பதற்காக அலுமினியத்தில் செய்த நிப்பிள்கள். அவன் அன்று விழாமல் இருந்திருந்தாலும் இன்னும் சில வாரத்தில் விழுந்திருப்பான்.

நம்ம கடற்கரையின் உப்புக்காற்றைப் பற்றி ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், மோட்டார் செட் எல்லாம் சொல்லும். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், உலோகங்கள் கடல்காற்றில் எப்படி அரிக்கின்றன என்று பார்ப்பதற்காக மண்டபம் முகாமில் தனி ஆய்வு மையமே வைத்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், பாலிசிலாக்ஸேன் என்ற தனிவகைப் பூச்சும் போட்டதற்கும் இதே காற்றுதான் காரணம்.

நிப்பிளுக்கு நடந்தது என்ன? இரண்டு வெவ்வேறு உலோகம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்க, நடுவில் உப்புத்தண்ணீர் சேர்ந்தால் அது ஒரு குட்டி பேட்டரி. அதில் பலவீனமான உலோகம் கரையும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் அலுமினிய நிப்பிளும் சேர்ந்தால் கரைவது அலுமினியம். நிப்பிளோ கடுகளவு பொருள், அதனால் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. கார்பன் ரிம்மாக இருந்தால் இன்னும் மோசம். கார்பனும் மின்சாரம் கடத்தும், அதன் பக்கத்தில் அலுமினியம் எப்போதும் தோற்கிற கட்சிதான்.

பித்தளை நிப்பிள் போட்டால்? பித்தளைக்கும் அலுமினிய ரிம்முக்கும்கூட இதே சண்டை உண்டு. ஆனால் அங்கே கரைய வேண்டியது பெரிய ரிம். அரிப்பு பரவலாகி மெதுவாக நடக்கும். ரிம் துளையைச் சுற்றி எஃகு வளையம் பதித்திருந்தால் இன்னும் நல்லது. 64 நிப்பிளையும் பித்தளைக்கு மாற்றினால் கூடுவது சுமார் 40 கிராம். ஒரு வடை எடை.

ஆக, கம்பி துருப்பிடிக்காத எஃகு, நிப்பிள் பித்தளை, கோக்கும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ். இந்த மூன்றில் எதிலும் சமரசம் வேண்டாம். மற்ற எதிலும் காசு மிச்சம் பிடிக்கலாம்.

கடலோரம் போய்வந்த அன்று சக்கரத்தைத் துடைக்க வேண்டும். தண்ணீருக்குத் தவிக்கிற மாவட்டத்தில் சைக்கிளைக் குளிப்பாட்டச் சொல்லவில்லை. நல்ல தண்ணீரில் நனைத்த பழைய துணியால் ரிம்மையும் நிப்பிளையும் ஒரு சுற்றுத் துடைத்தால் போதும். ஐந்து நிமிட வேலை.

ஹப்: பால்ஸா, பேரிங்கா?

ஹப்பில் இரண்டு ஜாதி. ஒன்று, நம்ம ஊர் சைக்கிள் மாதிரியே கப்பு, கோன், நடுவில் உருளுகிற பால்ஸ். ஷிமானோவின் டியாக்ரா, 105 ஹப்கள் இந்த வகை. இன்னொன்று, மூடிய பேரிங்கை அழுத்திப் பொருத்துவது. தேய்ந்தால் பேரிங்கையே மாற்றிவிடலாம், ஹப் கெடாது.

படித்த இடத்தில் எல்லாம் இரண்டாவதைத்தான் மெச்சுகிறார்கள். ஆனால் நான் கடை கடையாகக் கேட்டுப் பார்த்தேன். 6001 மாதிரியான பேரிங் மோட்டார் கடையிலேயே கிடைக்கிறது. சைக்கிள் ஹப்புக்கு வேண்டிய மெல்லிய 6902 வகை, நான் கேட்ட இடங்களில் இல்லை. மதுரைக்குச் சொல்லி வரவழைக்க வேண்டும் என்றார்கள். பால்ஸோ எந்தக் கடையிலும் உண்டு. ஷிமானோ முன் ஹப்புக்கு 3/16 அங்குலத்தில் பக்கத்துக்கு 10, பின் ஹப்புக்கு ¼ அங்குலத்தில் பக்கத்துக்கு 9. கிரீஸும் இரண்டு மெல்லிய ஸ்பேனரும் இருந்தால் திண்ணையில் உட்கார்ந்தே பிரித்து மாட்டலாம். எங்களுக்கு இதுதான் சரி.

ஒரே எச்சரிக்கை. கப்பு ஹப்பின் உடம்போடு சேர்ந்தது. உப்பும் மணலும் புகுந்து கப்பில் குழி விழுந்துவிட்டால் ஹப்பே போச்சு. அதனால் வருடத்துக்கு இரண்டு முறை பிரித்தே ஆக வேண்டும்: ஆடிக் காற்று ஓய்ந்த பிறகு ஒன்று, ஐப்பசி கார்த்திகை மழை விட்ட பிறகு ஒன்று. சோம்பேறிகள் மூடிய பேரிங் வாங்குவதே மேல்.

ரிம், காற்று, எடை

உயரமான ரிம் காற்றை வெட்டும், வேகம் கூடும். உண்மைதான். ஆனால் பாம்பன் பாலத்தில் குறுக்குக் காற்று அடிக்கும்போது அது பாய்மரம் ஆகிவிடும். பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். நம்ம பையன் எம்மாத்திரம்? பயிற்சிக்குத் தட்டையான அலுமினிய ரிம் போதும். உள் அகலம் 17 முதல் 19 மில்லிமீட்டர் இருந்தால் 28 டயர் நன்றாக உட்காரும்.

எடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நான் ஏமாந்தது அதில்தான். புதுச் சக்கரம் பழையதைவிட 400 கிராம் அதிகம். ஆளும் வண்டியுமாக 80 கிலோவுக்கு மேல், அதில் இது அரை சதவீதம்கூட இல்லை. ஒரே வேகத்தில் சமதரையில் போகும்போது இந்த எடை கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாது. மேடு ஏறும்போது அரை சதவீதம் தெரியும். நின்று கிளம்பும்போது, ரிம் சுழலவும் வேண்டியிருப்பதால், ஒரு சதவீதம் வரை தெரியலாம். எங்கள் பக்கத்தில் மேடு என்று சொல்ல இருப்பதே பாம்பன் பாலம் ஒன்றுதான்!

ரிம் பிரேக் வண்டியில் ரிம்மும் தேயும் பொருள் என்பதை மறக்க வேண்டாம். தனுஷ்கோடிச் சாலையில் காற்று மணலை வாரிப் போட்டுக்கொண்டே இருக்கும். அந்த மணல் பிரேக் கட்டையில் ஒட்டினால் உப்புத்தாள் மாதிரி ரிம்மைத் தேய்க்கும். மாதம் ஒருமுறை கட்டையில் பதிந்த துகள்களை ஊசியால் எடுத்துவிடுங்கள். எஃகு அளவுகோலை ரிம்மின் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். நடுவில் குழிந்திருந்தால் ரிம் முடிவை நெருங்குகிறது என்று அர்த்தம். சில ரிம்களில் இதற்கென்றே ஒரு சின்னக் குழி இருக்கும். அது மறைந்தால் மாற்ற வேண்டிய நேரம்.

முள்

சீமைக் கருவேல முள்ளைத் தடுக்கிற சக்கரம் கிடையாது. கரிமூட்டத்துக்கு விறகு ஏற்றிப் போகிற வண்டி உதிர்த்துப் போகும் சுள்ளி ஒன்று போதும். 28 டயர், உள்ளே ஒரு பாதுகாப்புப் பட்டை, 80 பிஎஸ்ஐ பக்கம் காற்று, பையில் இரண்டு டியூப். அவ்வளவுதான் செய்ய முடியும். ரோடு பைக் டியூபின் மெல்லிய வால்வுக்கு ஊர்ப் பஞ்சர் கடை பம்பு பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றை வால்விலேயே திருகி வைத்துவிடுங்கள்.

கோத்துக் கொடுத்தவர்

பொருள்களைத் தனித்தனியாகச் சேர்த்தோம். பழைய 105 ஹப் ஒரு ஜோடி, 32 துளை அலுமினிய ரிம், நடுவில் மெலிந்த எஃகுக் கம்பி, பித்தளை நிப்பிள். சீட்டுப் பணத்தில் முக்கால்வாசி ஆனது. யார் கோப்பது? நல்ல பொருளை மோசமாகக் கோத்தால் மோசமான சக்கரம்தான் கிடைக்கும்.

ராமநாதபுரத்தில் ஒரு பெரியவர் கடை. நாற்பது வருடமாகச் சக்கரம் கோக்கிறார். ரோடு பைக் சக்கரத்தைத் தொட்டதில்லை. "ரிம்மு ரிம்முதான், கம்பி கம்பிதான். குடுங்க தம்பி" என்றார். கோத்து, கோட்டம் எடுத்து, கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிக் கேட்டார். ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஒரே சத்தம் தர வேண்டுமாம். ஒத்துவராததை மறுபடி திருகினார். பிறகு செய்ததைப் பார்த்துத்தான் நான் அசந்துபோனேன். பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு நெரித்தார். சக்கரம் டிக் டிக்கென்று சத்தம் போட்டது.

"இது எதுக்குண்ணே?"

"கம்பிய இறுக்கிட்டு அப்படியே குடுத்துறக் கூடாது தம்பி. ஒருக்கா நல்லா நெரிச்சு விடணும். நம்ம நெரிக்கலேன்னா ரோடு நெரிக்கும். அப்புறம் மறுவாரமே கோட்டம்னு வந்து நிப்பீக."

பிராண்ட் தன் புத்தகத்தில் வலியுறுத்துவதும் இதே வேலையைத்தான். கம்பியை வளைத்துச் செய்யும்போது அந்த வளைவுக்குள் தங்கிவிடுகிற இறுக்கத்தை, ஒருமுறை அளவுக்கு மீறி இழுத்து விடுவித்துவிட்டால் கம்பியின் ஆயுள் பல மடங்கு கூடும் என்பது அவர் விளக்கம். பெரியவர் அந்தப் புத்தகத்தைப் பார்த்ததில்லை. நான் இரண்டு மாதம் படித்துத் தெரிந்துகொண்டது அவர் கையில் இருந்தது.

நீங்கள் வாங்குவதாக இருந்தால்

முன்னும் பின்னும் 32 கம்பி. எந்தக் கடையிலும் மாற்றக்கூடிய, முனை வளைந்த சாதாரணக் கம்பி. அந்தக் கம்பெனிக்கு மட்டுமே உரிய தனிவகை வேண்டாம். பித்தளை நிப்பிள். நீங்களே பிரித்து மாட்டக்கூடிய ஹப். தட்டையான அலுமினிய ரிம். முதல் 300 கிலோமீட்டருக்குப் பிறகு ஒருமுறை கோட்டம் பார்த்துவிடுங்கள். கம்பி நீளத்தைக் குறித்து வையுங்கள், பின்சக்கரத்தில் வலதுக்கும் இடதுக்கும் 2 மில்லி வரை மாறும். ஒவ்வொரு நீளத்திலும் இரண்டு கம்பி வாங்கி ஃபிரேமில் டேப் போட்டு ஒட்டி வையுங்கள். வலதுபக்கக் கம்பி மாற்ற வேண்டுமானால் பல்சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அதற்கான கருவி ஊர்க் கடைகளில் பெரும்பாலும் இருக்காது, அதையும் சேர்த்தே வாங்குங்கள். முதலிலேயே அது எங்களிடம் இருந்து, கம்பியும் சாதாரணக் கம்பியாக இருந்திருந்தால் அந்த மூன்று வாரம் ஒரே மாலையில் முடிந்திருக்கும்.

ஏழு மாதம் ஆகிறது. 7,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டது. பெரியவர் சொன்னபடி ஆரம்பத்தில் ஒருமுறை கோட்டம் எடுத்ததோடு சரி, அதன்பிறகு நிப்பிளில் சாவி வைக்கவில்லை. பஞ்சர் மட்டும் எண்ணிக்கை இல்லை. பழைய லேசான சக்கரத்துக்கும் எல்லா நிப்பிளையும் பித்தளைக்கு மாற்றி, பெட்டியில் போட்டு வைத்திருக்கிறோம். அடுத்த தேர்வு அன்று மட்டும் வெளியே வரும்.

அக்கா இன்னும் அதைக் குட்டிச் சக்கரம் என்றுதான் சொல்கிறாள். பையன் விடியற்காலையில் கிளம்பும்போது வாசலில் வந்து நின்று, பின்சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறாள். எங்கேயாவது உரசுகிறதா என்று காது கொடுத்துக் கேட்கிறாள். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். மழைக்காலம் முடிந்துவிட்டதால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஹப்பைப் பிரிக்க வேண்டும். முன்பக்கத்துக்கு 13, பின்பக்கத்துக்கு 15 ஸ்பேனர். பால்ஸ் வாங்கியாகிவிட்டது.